அரைநாள் டாக்டரும் அரை ஜீப் சேறும்

ஜீப்பின் நான்கு சக்கரங்களும் மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வண்டி மட்டும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"இன்னும் கொஞ்சம் மிதி!" என்றார் வெளியே நின்றிருந்த மெக்கானிக்.

பல் டாக்டர் மிதித்தார். சக்கரம் வாரி இறைத்த சேறு, பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்த வாத்தியாரின் மூக்குக்கண்ணாடியை அப்படியே மூடியது.

"மணி என்னடா?" என்றார் டாக்டர்.

"எனக்கு உலகமே தெரியல. மணி எங்கடா தெரியும்?" என்றார் வாத்தியார்.

டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று. இரண்டு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். நாளைக் காலை பதினொரு மணிக்குப் பல் மருத்துவர் சங்கக் கூட்டம். அதில் அவரைத் தலைவராக்குவதாக இருந்தார்கள்.

ஒரு காலத்தில் மூன்று பேரும் ஒரே மாடி அறையில் குடியிருந்தவர்கள். ஒருவர் பல் மருத்துவம் படித்தார், ஒருவர் ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகினார், ஒருவர் வாத்தியார் வேலைக்குப் பயிற்சி எடுத்தார். லீவு கிடைத்தால் இந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு காட்டுக்கு ஓடிவிடுவார்கள். அப்போதெல்லாம் 'இன்னும் ஒரே ஒரு நாள்டா' என்று ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவர் இதே டாக்டர்தான். இப்போது அவருக்கு நண்பர்கள் வைத்திருந்த பெயர் 'அரைநாள்'. மெக்கானிக் மகளின் கல்யாணத்துக்கு வந்தவர், பந்தியில் உட்காராமலே கிளம்பிப் போனார்.

அந்த மகளோடு போய் இருப்பதற்காக, அடுத்த மாதம் மெக்கானிக் கடல் தாண்டிப் போகிறார். அதற்குள் ஒரு தடவை மூவரும் இதே காட்டில், முழுதாக இரண்டு நாள் என்றுதான் பேச்சு. டாக்டர் அதையும் அரைநாளாக வெட்டியிருந்தார்.

"சக்கரத்துக்கு அடியில கிளையை வெட்டிப் போடலாம்" என்றார் வாத்தியார்.

போட்டார்கள். சக்கரம் கிளைகளை வெளியே துப்பிவிட்டு, தான் மட்டும் ஒரு சாண் கீழே போனது.

"டயர்ல காத்தைக் குறைச்சா சேத்துல பிடிப்பு வரும்" என்றார் மெக்கானிக். குறைக்க ஆரம்பித்தவர், உஸ்ஸென்ற சத்தத்தில் லயித்துப்போய் ஒரு டயரை முழுசாகவே காலி செய்துவிட்டார்.

"பம்பை எடு."

"பம்பா? அது வீட்டுல இருக்கே!"

ஜாக்கி வைத்தார்கள். பிடியைச் சுற்றச் சுற்ற ஜீப் ஏறவில்லை, ஜாக்கிதான் இறங்கியது. கடைசியில் ஒரு கொப்புளம் விட்டுவிட்டுக் காணாமலே போய்விட்டது.

எஞ்சியிருந்தது கையால் சுற்றி இழுக்கும் வின்ச். அதன் கம்பி வடத்தைப் பாதையோரத்து மரம் ஒன்றில் மெக்கானிக்கே பார்த்துப் பார்த்துக் கட்டினார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள். ஜீப் அசையவில்லை. மரம் அசைந்தது. பட்டுப்போன மரம். மடமடவென்று சாய்ந்து, வந்த வழியை மறித்துப் படுத்துக்கொண்டது.

டாக்டர் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருஷமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கே. ஒரு ஜீப்பை இவ்வளவு அழகா அடக்கம் பண்ண எங்கடா கத்துக்கிட்டே?"

"அனுபவம்டா" என்றார் மெக்கானிக் அடக்கமாக.

மேட்டில் ஏறினால் போனில் சிக்னல் கிடைக்கும் என்றார் வாத்தியார். முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஏறிய டாக்டர், மனைவியைப் பிடித்தார்.

"சேத்துல மாட்டிக்கிட்டோம்மா! இன்னிக்கு வரமுடியுமான்னே தெரியல."

"அப்படியா? ஈரச் சட்டையோட இருக்காதீங்க. சங்கத்துக்கு நான் சொல்லிக்கிறேன்" என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டு மனைவி போனை வைத்தாள்.

இரண்டு மணி வந்தது, போனது. வானம் இடிந்து விழவில்லை. வாத்தியார் அடுப்பு மூட்டி முட்டை பொரித்தார். மெக்கானிக் டீ போட்டார். பானெட்டைச் சாப்பாட்டு மேசையாக்கிக்கொண்டு மூவரும் சுற்றி நின்றார்கள்.

"அந்த மாடி ரூம்ல நமக்கு மூணு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல சட்டை" என்று ஆரம்பித்தார் வாத்தியார்.

"அதைப் போட்டுக்கிட்டுத்தான் மூணு பேரும் தனித்தனியா பொண்ணு பார்க்கப் போனோம்" என்றார் மெக்கானிக்.

"என் பெண்டாட்டி இன்னும் கேக்கறா, அந்த நீலச் சட்டை எங்கேன்னு" என்றார் டாக்டர். பிறகு சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரிப்பு ஓய்ந்ததும் மெக்கானிக் மெதுவாகச் சொன்னார்: "அங்க போனா இதையெல்லாம் யார்கிட்டடா சொல்லிச் சிரிப்பேன்? சொன்னாலும் அவங்களுக்கு ஒண்ணும் புரியாது."

டாக்டர் மெக்கானிக்கின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார். கல்யாணப் பந்தியில் தனக்காகப் போட்டிருந்த இலை அப்படியே கிடந்திருக்கும் என்று இப்போதுதான் அவருக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

மறுநாள், ஞாயிறு காலை எட்டு மணி. எல்லோருக்கும் முன்னால் எழுந்து டாக்டர் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, மரங்களுக்கு அப்பால் டிராக்டர் சத்தம் கேட்டது. பக்கத்துப் பண்ணைக்கார அம்மா ஓட்டிக்கொண்டு வந்தாள். மனைவிதான் எப்படியோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

வாத்தியாருக்கும் மெக்கானிக்குக்கும் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்க்க டாக்டருக்குப் பாவமாக இருந்தது.

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்பவே இழுத்தா, பதினோரு மணிக்கு நீ கூட்டத்துல இருக்கலாம். போயிட்டு வாடா. நிஜமாத்தான் சொல்றேன்."

டாக்டர் ஜீப்பைப் பார்த்தார். வாயெல்லாம் பற்பசை நுரை. வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"தலைவர் பதவிக்கு அங்க பத்துப் பேர் வரிசையில நிக்கிறான்" என்றவர், டிராக்டர் பக்கம் திரும்பினார். "அம்மா, வண்டியை நிழல்ல நிறுத்திட்டு வந்து டீ சாப்பிடுங்க. ஒண்ணும் அவசரமில்ல. சாயங்காலமா இழுத்துக்கலாம்."

அந்த அம்மா என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, வாத்தியாரையும் மெக்கானிக்கையும் கைகாட்டினாள். "இவங்களும் சாயங்காலம்தான் சார் வரச் சொன்னாங்க, வேற வேலை இருக்கேன்னு நான்தான் முன்னாடியே வந்துட்டேன், ஆனா இன்னொரு தடவை வாய்க்காலைப் பாதையில திருப்பிவிடச் சொல்லாதீங்க, இந்தச் சேத்தைப் பண்ணவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு!"