மூணோலை உபதேசியார்

உலகத்தில் வைரஸை விரட்ட எத்தனையோ மென்பொருள்கள் இருக்கலாம். அவற்றில் வேட்டி கட்டுவதும் வெற்றிலை போடுவதும் ஞாயிறு பூசையில் மைக் பிடிப்பதும் ஒன்றே ஒன்றுதான். அது அருமனைப் பக்கம் எங்கள் பங்குக் கோயிலில் இருக்கிறது. பெயர் மூணோலை உபதேசியார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், ஆனால் அவரே அதற்குத் திரும்பிப் பார்ப்பதில்லை.

உபதேசியார் என்றால் செபம் சொல்லிக்கொடுப்பவர், அறிக்கை வாசிப்பவர், சாமியாருக்கு வலது கை. அலுவலகக் கம்ப்யூட்டருக்கும் அவரே காவல் ஆனது ஒரு பென்டிரைவால். ஊரிலுள்ள கம்ப்யூட்டருக்கெல்லாம் குத்தி எடுத்த பென்டிரைவை, பாடகர் குழுவில் ஒருவர் குருத்து ஞாயிறன்று கோயில் கம்ப்யூட்டரிலும் குத்தினார். பாட்டு வரிகள் தெரியவேண்டிய திரையில், 'வாழ்த்துகள்! நீங்கள் ஒரு கார் வென்றிருக்கிறீர்கள்' என்று வந்து நின்றது. எங்கள் பாடகர் குழுவின் பக்தி பெரியது, திரையில் எது வந்தாலும் பாடிவிடும். கார் வென்ற செய்தியை இரண்டு குரலில் பாடி முடித்த பிறகுதான் ஆர்மோனியம் நின்றது.

உடனே மறைமாவட்டத்தில் வைரஸ் விழிப்புணர்வு வகுப்பு வைத்தார்கள். அவ்வளவு முக்கியமான வகுப்புக்குப் போக எங்களில் யாருக்கும் நேரமில்லாததால் உபதேசியாரை அனுப்பினோம். வகுப்பெடுத்த சிஸ்டர் இரண்டு விஷயங்கள் சொன்னாராம். தெரியாத இடத்திலிருந்து வரும் கோப்பை விசாரிக்காமல் திறக்கக் கூடாது. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது. பஸ்ஸில் திரும்பும்போதே உபதேசியாருக்கு ஞானம் பிறந்துவிட்டது. தெரியாத ஆளை விசாரிக்கத்தான் திருச்சபையில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறதே!

கல்யாணத்துக்கு முன் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னார் மகளைக் கட்டப்போகிறார், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பதற்குத்தான் ஓலை என்று பெயர். மாப்பிள்ளைக்குச் சரியாக இருப்பது மின்னஞ்சலுக்கும் சரியாக இருக்கும் என்று உபதேசியார் முடிவுகட்டினார்.

அடுத்த ஞாயிறு மைக் முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினார். "மார்த்தாண்டம் மெழுகுதிரிக் கடையிலிருந்து வந்துள்ள 'விலைப்பட்டியல்' என்னும் கோப்பு நமது அலுவலகத்தில் திறக்கப்பட இருக்கிறது. தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதலாம் ஓலை."

எங்கள் சனங்கள் கடமை தவறாதவர்கள். "உபதேசியாரே, அத பக்கத்துப் பங்குல ஏற்கனவே திறந்தாச்சு கேட்டியளா" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவர் தடை சொன்னார். முந்தைய பந்தம் இருப்பதால் அந்தக் கோப்பு நிராகரிக்கப்பட்டது.

பாஸ்வேர்டு விஷயத்தில் இன்னும் மோசம். எங்கள் பங்குத்தந்தை இளவயது, பட்டமெல்லாம் வாங்கியவர். அவர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உபதேசியாரே, அந்த பாஸ்வேர்டை எங்கிட்டயாவது சொல்லலாம் இல்லியா?"

"சாமி, பாவசங்கீர்த்தனத்துல கேட்டத நீங்க எங்கிட்ட சொல்லுவியளா?"

சாமியார் அதற்குப் பிறகு கேட்கவில்லை. தன் மின்னஞ்சலைத் தானே படிக்க அவருக்கும் மூன்று ஞாயிறு ஆனது.

உச்சம், மறைமாவட்டத்துக்கே தலைவரான ஆயர் வந்த கதை. ஆயர் இல்லத்திலிருந்து ஒரு கோப்பு வந்தது. உபதேசியார் முதலாம் ஓலை வாசித்தார், இரண்டாம் ஓலையும் வாசித்தார். மூன்றாம் ஞாயிறு வாசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் காரிலிருந்து ஆயரே இறங்கினார். தாம் வரப்போவதைத்தான் அந்தக் கோப்பில் எழுதியிருந்தார். மாலை இல்லை, மேளம் இல்லை, பேண்டு செட்டும் இல்லை. உள்ளே வந்தவர் காதில் விழுந்ததெல்லாம் தம் கடிதத்துக்குத் தடை உண்டா என்ற கேள்விதான்.

"ஓலை யாருக்கு?" என்று கேட்டார் ஆயர்.

"ஒங்களுக்குத்தான் ஆண்டவரே. இதுவர தடை ஒண்ணும் வரல்ல" என்றார் உபதேசியார், ஆறுதலாக.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான். என் அக்காள் மகள் ஜெசியின் கல்யாணம் வரும்வரை சிரித்தேன். மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப்பட்டணம், வேலை கத்தாரில். அங்கே அவர் போகும் கோயிலில் ஓலை வாசித்தாயிற்று, தடையில்லை என்ற சான்று எங்கள் கோயிலுக்கு வரவேண்டும். அது இல்லாமல் தாலி கட்ட முடியாது. கோயிலிலிருந்து நேராகக் கோயிலுக்குத்தான் வரவேண்டும், எங்கள் கைவழியாக வந்தால் செல்லாது. ஒரு வெள்ளிக்கிழமை மின்னஞ்சலில் வந்தது. கல்யாணம் அதற்குப் பிறகு வரும் இரண்டாவது வியாழக்கிழமை. மூன்றாம் ஓலை வாசிக்கும்போது மறுவீடே முடிந்திருக்க வேண்டும்.

இரண்டு ஓலையும் ஆனபிறகு, அழுதுகொண்டிருந்த அக்காளையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

"மக்கா, நீ சூடாவாத. உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியுமா?"

"ஓலை வாசிச்ச சர்டிபிகேட்டாக்கும் இருக்கு!"

"நீ திறந்து பாத்தியா?"

"திறக்கத்தானே சொல்லுகேன்!"

"அப்போ பாக்கல்ல. பாக்காத சாதனத்துக்கு நீ எப்படி சாட்சி சொல்லுக?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓலைக்கே ஓலை வாசிக்கும் ஒரே ஊரில் வந்து பிறந்தோமே என்று கத்தினேன். அக்காள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மண்டபம் பேசியாச்சு, ஊரெல்லாம் சொல்லியாச்சு. எம் பிள்ள என்ன செய்வா உபதேசியாரே?" என்றாள். உபதேசியாரின் முகமும் வாடித்தான் போயிற்று. ஆனாலும் கை மவுஸுக்குப் போகவில்லை.

கடைசியில் சாமியாருக்குத்தான் வழி தெரிந்தது. கல்யாண ஓலைக்கு விலக்குக் கொடுக்கத் திருச்சபைச் சட்டத்தில் இடம் உண்டு. மனிதர் சிரிக்காமல் கோயில் தாளை எடுத்து, 'மேற்படி கோப்புக்கு மூன்றாம் ஓலையிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது' என்று எழுதி முத்திரை குத்தினார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த உபதேசியார், அதோடு விடாமல் கத்தார் கோயிலுக்குப் போன் போட்டார். அங்கே இருந்த சாமியார் மலையாளி, அவர்கள் பேச்சில் அச்சன்.

"அச்சா, இது அச்சன் தன்னே அயச்சதாணோ?"

ஆமாம், தானேதான் அனுப்பியது என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகு, உபதேசியார் எங்களைப் பார்த்தார். "எல்லாரும் சுவரப் பாத்து நில்லுங்க. பாஸ்வேர்டு போடப் போறேன்." நானும் அக்காளும் சுவரைப் பார்த்து நின்றோம். பங்குத்தந்தையும் அங்கியோடு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டதும் அக்காள் சிலுவை போட்டாள். சொன்ன நாளில் கல்யாணம் நடந்தது. பந்தியில் உபதேசியார் இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார், நான்தான் ஊற்றினேன்.

ஜெசி கத்தார் போய்ச் சில மாதம் ஆகிறது. நாங்கள் குடும்பத்தோடு அவள் அனுப்பும் படங்களைப் பார்ப்பதும், இதயப் படம் போடுவதும், அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதுமாக இருந்தோம். பாசத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டு வாரம் முன்பு கோயில் பத்திரிகையான பங்கு மலரில் போடச் சொல்லிக் கோயில் மின்னஞ்சலுக்கும் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். உபதேசியார் முதல் காரியமாக அவளுக்குப் போன் செய்திருக்கிறார்.

அவள் அதை என்னிடம் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது. "மாமா, படம் அனுப்புனது நீதானா மோளேன்னு கேட்டாரு. நாந்தான்னு சொன்னேன். கொரலு ஏன் இப்படி இருக்கு, சாப்பிட்டியா, அங்க பேச்சுத் துணைக்கு யாராவது உண்டான்னு கேட்டாரு. நான் அழுதுட்டேன் மாமா. இங்க வந்த பொறவு யாரும் எங்கிட்ட அதக் கேக்கல்ல. முழுசா அழுது முடிக்கிற வர போன வைக்காம இருந்தாரு."

அந்தப் படத்துக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மெதுவாக வாசிக்கட்டும், எனக்கு ஒரு அவசரமும் இல்லை.