கொலோன் சுவரில் நாலு நண்பர்கள்

தனியாக இருப்பதைவிடக் கஷ்டமான வேலை, தனியாக இல்லை என்று வீட்டை நம்பவைப்பது. அதில் நான் படுதோல்வி அடைந்தவன்.

கொலோனுக்கு வேலைக்கு வந்து அப்போது நான்கு மாதம். அலுவலகத்தில் காலையில் ஒரு வணக்கம், மாலையில் ஒரு வணக்கம், நடுவில் கணினி. சனி, ஞாயிறு என்றால் அதுவும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்டை வேலை செய்கிறதா என்று பார்க்க ஃப்ரிட்ஜிடம் "என்னடா?" என்று கேட்டேன். (பதில் வரவில்லை. ஜெர்மன் ஃப்ரிட்ஜ்.)

அந்த நேரம் பார்த்துத் திருச்சியிலிருந்து அக்கா அழைத்தாள்.

"அங்க ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் இருக்காங்களாடா?"

"நாலு பேர் இருக்காங்கக்கா. இப்பக்கூட அவங்களோடதான் வெளிய கிளம்பறேன்."

"அப்ப போட்டோ அனுப்பு. அம்மா உன்னை நெனச்சுத் தூங்கறதே இல்ல."

நாலு பேருக்கு எங்கே போவேன்? நகரத்தின் பழைய பகுதியில் ஒரு சந்து முழுக்கச் சுவரோவியங்கள் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. போனேன். மீன், பேய், பறக்கும் சைக்கிள் எல்லாம் தாண்டினால், சந்தின் கோடியில் நாலு பேர் ஆளுயரத்துக்கு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். தத்ரூபம். அம்மாவின் கண்ணாடிக்கு வித்தியாசம் தெரியாது.

முன்னால் சிவப்பு வெள்ளை நாடா கட்டி, ஜெர்மனில் ஏதோ எழுதித் தொங்கவிட்டிருந்தது. (வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன்.) எதிர் ஜன்னல் விளிம்பில் போனை வைத்து, டைமரைத் தட்டிவிட்டு, நாடாவுக்குள் குனிந்து ஓடி, நால்வரில் பச்சைச் சட்டைக்காரரின் தோளில் உரிமையோடு கை போட்டுச் சாய்ந்தேன்.

தோள் பிசுபிசுத்தது.

"நைன்! நைன்!" (ஒன்பது இல்லை, ஜெர்மனில் 'கூடாது'.)

எதிர்ப் படிக்கட்டில் ரொட்டி தின்றுகொண்டிருந்த ஓவியர் அம்மாள் ஓடிவந்தார். கூட்டம் கூடியது. எனக்குத் தெரிந்த ஜெர்மனில் மன்னிப்பைத் தேடினேன், 'நன்றி'தான் கிடைத்தது. இரண்டு முறை சொன்னேன்.

"தம்பி தமிழோ?"

கூட்டத்திலிருந்து ஐம்பது வயதுக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர்.

"ஆமாண்ணே!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"உந்த மனிசி மூண்டு நாளாக் கீறினவ. ஏன் அதில கை வைச்சனீர் எண்டு கேக்கிறா." (கீறுவது என்றால் அவர்கள் ஊரில் வரைவது.)

அக்கா, அம்மாவின் தூக்கம், இல்லாத நாலு பேர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில் சொன்னபோது ரகசியம்போல இருந்தது. அவர் அதை ஒரு வரி விடாமல், உரத்த குரலில் ஜெர்மனில் சொன்னார். குழந்தை வண்டியோடு நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் அந்தப் பெண் என்னைத் திட்டியே இருக்கலாம்.

ஓவியர் பழந்துணி ஒன்றை எடுத்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். நான்கு மாதத்தில் ஒருவர் என் கையை அத்தனை நேரம் பிடித்திருந்தது அன்றுதான்.

"சரி, வாரும் தம்பி. வீட்ட போய்த் தேத்தண்ணி குடிப்பம்" என்றார் அண்ணன்.

நாக்குக்குப் பழகிப்போயிருந்தது. "இல்லண்ணே, ஃப்ரெண்ட்ஸ் வெயிட் பண்றாங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தச் சுவரில நிக்கினம்?"

அவர் பின்னால் போனேன். அக்காவிடமும், அண்ணன் கேட்ட கேள்வி வரை, உண்மையைச் சொல்லிவிட்டேன். (போட்டோவில் நான் பாதிப் பச்சை, வேறு வழியில்லை.) இப்போது எனக்குக் கல்யாணமாகி மகளும் இருக்கிறாள். ஆனாலும் நண்பர்களோடு வெளியே போகிறேன் என்று நான் செருப்பை மாட்டினால் போதும், சமையலறையிலிருந்து மனைவியும் போனில் அக்காவும் ஒரே குரலில் கேட்பார்கள்: "எந்தச் சுவர்ல நிக்கிறாங்க?"