பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது

பெற்றோரிடம் எதையுமே மறைக்காத கல்விக்கூடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது திருத்தணியில், மலைப் படிக்கட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே பெயர்ப்பலகையே இரண்டு மாடி உயரத்துக்கு இருக்கிறது.

அந்தப் பள்ளியில் ஒரு குழந்தை தண்ணீர் குடித்தால் மூன்றாம் நிமிடம் பெற்றோரின் போனுக்குப் படம் போய்விடும். கை கழுவினால் படம். கொட்டாவி விட்டால்கூடப் படம்; அதற்கு ‘ஆழ்ந்த சிந்தனை’ என்று தலைப்பு. இவற்றுக்கெல்லாம் சேர்த்துத் தாளாளர் கஜபதி ‘கற்றல் தருணங்கள்’ என்று பெயர் வைத்திருந்தார். வகுப்புக்கு நாளொன்றுக்கு இருபத்திரண்டு தருணங்கள். குறைந்தால் ஆசிரியர் விளக்கக் கடிதம் எழுதித் தர வேண்டும்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை அபிகாயில் இந்த மாபெரும் பணியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மணவூரிலிருந்து ரயிலில் வருபவள். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லும் கோளாறு அவளுக்குப் பிறவியிலேயே இருந்தது. ஆசிரியர் பயிற்சியிலும் அது குணமாகவில்லை. வலது கையில் போன், இடது கையில் சாக்பீஸ் என்று வேலையைத் தொடங்கினாள். இரண்டாம் மாதம் இடது கை காலியாகிவிட்டது.

அவள் வகுப்பில் அலீஷா என்றொரு சிறுமி. படு சுட்டி. வாயால் எதைக் கேட்டாலும் பதில் வரும். புத்தகத்தைப் பிரித்து நீட்டினால் மட்டும் முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும். ஜூன் வந்தால் நாலாம் வகுப்பு. அபிகாயிலுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளியின் வாராந்திரக் கற்றல் அறிக்கையிலோ மூன்றே கட்டங்கள்: மலர்ந்தது, மலர்கிறது, மலரும்.

“சார், அலீஷாவுக்கு எழுத்துக் கூட்டவே வரலை. இதுல எதை டிக் பண்றது?”

“மலர்கிறது போடும்மா,” என்றார் கஜபதி.

“மலரவே இல்லைன்னு ஒரு கட்டம் கிடையாதா?”

“அது தகவல் இல்லம்மா. அது புகார்.”

அபிகாயில் ‘மலர்கிறது’ என்று போட்டாள். வாராவாரம் போட்டாள். ஆனாலும் மனசு ஆறாமல், அலீஷாவின் தாய் சகீனாவின் எண்ணுக்குத் தனியாக ஒரு வரி தட்டினாள்: ‘அலீஷாவுக்கு இன்னும் படிக்க வரவில்லை. உடனே வந்து என்னைப் பாருங்கள்.’ இரண்டு நீல டிக் விழுந்தது. ஆள் வரவில்லை. அடுத்த வாரமும் அதையே அனுப்பினாள். நீல டிக். மூன்றாம் வாரமும் அப்படியே.

“பாத்துட்டு கம்முனு கீறாங்க சார். என்ன ஜென்மமோ.”

“நீல டிக் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்போ, பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது,” என்றார் கஜபதி. முக்கியமான விஷயங்களை அவர் அறிவிப்புப் பலகைத் தமிழில்தான் பேசுவார்.

அன்று சாயங்காலம் அபிகாயில் ரயிலை விட்டுவிட்டு, சண்டை போடும் உத்தேசத்தோடு அலீஷாவின் வீட்டுக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த சகீனா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அபிகாயில் உட்காரவில்லை. “மூணு மெசேஜ் போட்டேன். பொண்ணு மேல அக்கறை இருக்குதா இல்லியா உங்களுக்கு?”

“என்னா மிஸ் இப்டி கேக்குறீங்க. நீங்க சொன்னதை அப்டியே செஞ்சிகினுதானே கீறேன். மூணு தரமும் சிப்ஸ் வாங்கிக் குடுத்து அனுப்பினேனே.”

“சிப்ஸா?”

“நீங்கதானே கேட்டிருந்தீங்க. கணக்குப் பாடத்துக்காக இருக்கும்னு நெனச்சேன்.” சகீனா குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு குர்ஆன் ஓதத் தெரியும் மிஸ். தமிழ் படிக்க வராது. வூட்டுக்காரரு வேலூர்ல லாரி ஷெட்ல கீறாரு, ஞாயித்துக்கிழமைதான் வருவாரு. பள்ளிக்கூடத்து மெசேஜெல்லாம் இவதான் படிச்சுச் சொல்லுவா. ஒரு நாளும் திக்கினதில்லை.”

அபிகாயில் போனை வாங்கி, தான் அனுப்பிய வரியை எடுத்து அலீஷாவிடம் நீட்டினாள். அலீஷா விரலை வரிக்கு அடியில் வைத்துக் கணீரென்று வாசித்தாள்:

“அன்பான பெற்றோரே, உங்கள் மகள் அலீஷா மிக நன்றாக மலர்கிறாள். நாளைக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட் கொடுத்து அனுப்பவும். சிவப்பு கலர்.”

“பாத்தீங்களா,” என்றாள் சகீனா.

அபிகாயில் அதில் உண்மையில் இருந்ததை வாசித்துக் காட்டினாள். சகீனா போனை வாங்கி அந்த வரியை உற்றுப் பார்த்தாள்.

“இவளுக்குப் படிக்க வராதுன்னு போட்டிருக்கீங்க.”

“ஆங்.”

“அதை இவளே எனக்குப் படிச்சுக் காட்டியிருக்கா.”

“ஆங்.”

சகீனா மகள் பக்கம் திரும்பினாள். “ஏன்டி பொய் சொன்னே?”

“மிஸ் எப்பவும் அப்டிதாம்மா அனுப்புவாங்க,” என்றாள் அலீஷா. “போட்டோல அல்லாரும் சிரிச்சிகினு இருப்போம். நல்லாத்தான் போட்டிருப்பாங்கன்னு நானே சொல்லிடுவேன்.”

சண்டைக்கு வந்த அபிகாயில் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு மாதமாக ‘மலர்கிறது’ போட்டது அவள் கைதான்.

மறுநாள் காலை மூன்று பேரும் கஜபதியின் அறையில் நின்றார்கள்.

“தினம் முக்கால் மணி நேரம் சார்,” என்றாள் அபிகாயில். “போனைத் தூரப் போட்டுட்டு, படிக்க வராத பசங்களை உக்கார வெச்சுப் படிக்க வைக்கணும். அலீஷா மட்டுமில்ல, இன்னும் ஒம்போது பேர் கீறாங்க.”

கஜபதிக்கு முகம் வெளிறிவிட்டது. “முக்கால் மணி நேரமா? அந்த நேரத்துல பெற்றோருக்கு என்ன தகவல் போகும்?”

“தகவல் வேணாம் சார்,” என்றாள் சகீனா. “படிப்பு வந்தா போதும்.”

இப்படியொரு பிற்போக்கான கோரிக்கையை அவர் தம் பணிக்காலத்தில் சந்தித்ததில்லை. ஆனாலும் பொறுமையாக விசாரித்தார்.

“அந்த மெசேஜை வூட்ல யாரும்மா படிச்சது?”

“இவதான்.”

“படிக்க வரலைன்னு போன மெசேஜை உங்க பொண்ணே படிச்சிருக்கா. அப்புறம் எப்படிம்மா படிக்க வராதுன்னு சொல்றீங்க?”

“அவ படிக்கலை சார். இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கா.”

“நீல டிக் பொய் சொல்லாதும்மா.”

கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு, அதே நிமிடத்தில் முடித்துவைக்கப்பட்டது. கஜபதி மேஜை இழுப்பறையிலிருந்து தங்கநிற ஓரம் போட்ட ஒரு சான்றிதழை எடுத்து, ‘முழுத்தகவல் பெற்ற பெற்றோர்’ என்ற தலைப்புக்குக் கீழே சகீனாவின் பெயரை எழுதிக் கொடுத்தார். கொடுத்த கையோடு போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினார்.

சகீனா அதை அப்படியே மகளிடம் நீட்டினாள். “இன்னா எழுதிக் குடுத்திருக்காருன்னு படி. நெஜமா படி.”

அலீஷா போனைப் பார்த்தாள். பழகிய சிரிப்பு தானாக வந்தது. விரலை எழுத்துக்கு அடியில் ஓட்டினாள்.

“அலீஷா நன்றாகப் படிக்கிறாள். மிஸ் நன்றாகச் சொல்லித் தருகிறார். நம் பள்ளியில் எந்தக் குறையும் இல்லை.”

“அருமை,” என்றார் கஜபதி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த வீடியோ அன்றைய முதல் கற்றல் தருணமாக எல்லாப் பெற்றோருக்கும் போய்ச் சேர்ந்தது.

சான்றிதழில் அப்படி ஒரு வரியும் கிடையாது. அதற்காகப் பள்ளியைக் குறை சொல்லிவிட முடியாது. ஓர் எழுத்தும் தெரியாமலே, எல்லாம் நன்றாக நடக்கிறது என்று திக்காமல் திணறாமல் அறிக்கை வாசிக்க மூன்றே வருடத்தில் ஒரு குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பது லேசான காரியமா என்ன?