ஒலியை முந்தப் போன காற்று

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரைகூட அடுப்படியில் நிற்க மாட்டேன் (வழிந்த பிறகு துடைக்க நிற்பேன்). அப்படிப்பட்டவள், எண்பதுகளில் புதுச்சேரியில் பொறியியல் படித்தபோது, ஒலியைவிட இரண்டு மடங்கு வேகமாகப் போகும் காற்று ஓர் ஆப்பில் மோதினால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கக் கிளம்பினேன். (ஆப்பு யாருக்கு என்று அப்போது தெரியாது.)

காற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, நேரத்தைத் துளித்துளியாக நகர்த்த வேண்டும். "ஒரு துளி நேரத்துல காத்து ஒரு கட்டத்துக்கு மேல தாண்டக் கூடாதும்மா. அவசரப்பட்டா கணக்கு வெடிச்சிடும்" என்று எங்கள் பேராசிரியர் மூன்று முறை சொல்லியிருந்தார். அவர் சொன்னபடி ஓட்டினால் முடிய மூன்று மணி நேரம்.

கல்லூரிக் கண்காட்சி நாளன்று அப்பா மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, மூலக்குளத்திலிருந்து சைக்கிளில் வந்துவிட்டார். கூடவே மில் நண்பர்கள் நாலு பேர். இவர்களை மூன்று மணி நேரம் நிற்க வைப்பதா? யாருக்கும் தெரியாமல் நேரத் துளியைப் பத்து மடங்கு பெரிதாக்கி ஓட விட்டேன்.

பிரின்டர் கரகரவென்று ஆரம்பித்தது. முதல் பக்கம், ஒழுங்கான எண்கள். இரண்டாம் பக்கத்தில் காற்று, உலகத்தில் எதுவும் குளிர முடியாத அளவுக்குக் குளிர்ந்துபோனது. மூன்றாம் பக்கத்திலிருந்து வெறும் நட்சத்திரக் குறிகள். (எண், அதற்கு ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காவிட்டால் அந்த மெஷின் இப்படித்தான் கைவிரிக்கும்.)

"என்னாம்மா இது, இத்தினி நட்சத்திரம்?" என்றார் அப்பா.

"அதாம்ப்பா... காத்து."

"பாத்தியாடா, காத்து எம்மாம் அழகா பூ போட்டிருக்கு!" என்று நண்பர்களிடம் திரும்பினார்.

பேராசிரியர் தாளைக் குனிந்து பார்த்தார். "எத்தினி மடங்கும்மா பெரிசாக்கின?"

"பத்து, சார்."

மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது. அவரோ அப்பாவிடம், "உங்க பொண்ணு காத்தைக் கொஞ்சம் வேகமா ஓட்டிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். அப்பாவுக்கு அது பாராட்டாகவே போய்ச் சேர்ந்தது. பதினாலு பக்கத்தையும் மடித்து வாங்கிக்கொண்டார்.

மறுவாரம் பொறுமையாக ஓட்டி, சரியான விடையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "இதுல ஒண்ணுமே இல்லியேம்மா, வெறும் நம்பரு" என்றுவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "பொண்ணுக்கு என்ன நட்சத்திரம்?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதும், அப்பா பீரோவைத் திறந்து அந்தத் தாளை எடுத்துவந்து கூடம் முழுக்க விரித்தார். (கேலியா, நிஜமா என்று கடைசிவரை சொல்லவில்லை.) நடந்ததை நானே சொல்ல வேண்டியதாயிற்று. முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் மாப்பிள்ளைதான்.

இன்றும் கோயிலில் அர்ச்சனைக்கு என் நட்சத்திரம் கேட்டால், நான் ரோகிணி என்று வாயைத் திறப்பதற்குள், அன்று சிரித்தவர் முந்திக்கொள்வார்: "பதினாலு பக்கம் இருக்குது சாமி, எதைச் சொல்றது?"