மகோகா கை கொடுக்காத நாள்

அன்று காலை மேலாளர் மகோகா, தன் சொந்த அலுவலகத்துக்குள்ளேயே திருடன் மாதிரி நுழைந்தார்.

காகமேகா நகரத்தில் விதை விற்கும் கம்பெனியின் கிளை அது. அங்கே மன அழுத்தம் தாங்கவில்லை என்று தொழிலாளர் அலுவலகத்துக்குப் புகார் போயிருந்தது. விசாரிக்க இன்று அதிகாரி வருகிறார். "நிம்மதியா வேலை செய்யறது தொழிலாளியோட உரிமையாம். புகார் உண்மைன்னா உங்க நாற்காலி காலி," என்று தலைமை அலுவலகம் போனில் சொல்லிவிட்டது.

வேலை செய்பவர்களே இரண்டு பேர்தான். கேஷியர் அயூமா, கணக்கர் முலாமா. இருவரில் யார் கொடுத்தது? மகோகாவுக்குத் தெரியவில்லை. எதற்கு வம்பு, யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, தினமும் கைகுலுக்கி வீட்டு நலமும் மாட்டு நலமும் விசாரிக்கிறவர், இன்று சத்தமில்லாமல் தன் அறைக்குள் நழுவினார்.

"பார்த்தீங்களா, கை குடுக்கல," என்றாள் அயூமா.

"கிசுமு கிளையில இப்படித்தான். காலையில கை குடுக்கல, சாயங்காலம் வேலை இல்ல," என்றார் முலாமா.

இது மகோகாவின் காதில் விழுந்தது. ஓடி வந்து இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். பதற்றத்தில் விட மறந்துவிட்டார்.

"இங்க ஏதாவது கஷ்டமா? மனசு விட்டுச் சொல்லுங்க."

"ஒரு கஷ்டமும் இல்ல சார்," என்றாள் அயூமா, கையை உருவப் பார்த்தபடி. "இருந்தாலும் இல்ல."

சரி, வயிறு குளிர்ந்தால் மனசும் குளிரும் என்று, பத்து மணித் தேநீருக்குப் பதிலாகக் கேக்கும் ஆளுக்கொரு சோடாவும் வரவழைத்தார். அந்த ஊர் அலுவலகங்களில் கேக்கும் சோடாவும் சேர்ந்து வந்தால், யாரையோ வழியனுப்புகிறார்கள் என்று அர்த்தம். பாவம், பயத்தில் மனிதருக்கு அது தோன்றவில்லை.

முலாமா சோடாவைத் தொடவில்லை. "யாரு சார் போறது? நானா, அவளா?"

"யாரும் போகலப்பா."

"அப்ப ரெண்டு பேருமா?"

அயூமா தன் சீப்பையும் செருப்பையும் பைக்குள் போட ஆரம்பித்தாள்.

"அயூமா, ஒரு துண்டு கேக் சாப்பிடும்மா. தயவுசெஞ்சு நிம்மதியா இரு," என்று மகோகா கெஞ்சிய கெஞ்சலில் அவள் அழுதேவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தொழிலாளர் அதிகாரி ஜெப்டூ உள்ளே வந்தார். அழுகிற கேஷியர், வெளிறிப்போன கணக்கர், கையில் கேக் வெட்டும் கத்தியோடு மேலாளர். தன் கதை முடிந்தது என்று மகோகாவுக்குத் தெரிந்துபோயிற்று.

"மேடம், இவங்கள்ல புகார் குடுத்தது யாருன்னு மட்டும் சொல்லுங்க. மன்னிப்புக் கேட்டுடறேன்."

ஜெப்டூ கத்தியை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தார்.

"இவங்க யாரும் குடுக்கல சார். 'என் புருஷனுக்கும் நிம்மதியா வேலை செய்ய உரிமை உண்டா இல்லையா'ன்னு கேட்டு, உங்க சம்சாரம்தான் வந்து குடுத்தாங்க."