‘பிறகு’ என்றொரு ஃபோல்டர்

சின்னதுரையிடமிருந்து அந்த மாதத்தில் ஐந்தாவது மெயில் வந்தபோது பச்சையப்பன் சாயங்கால டீயை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். படித்துவிட்டு டம்ளரை அப்படியே கீழே வைத்தான்.

"என் உசுர வாங்கறதுக்குன்னே பொறந்திருக்கான்மா இந்தாளு," என்றான், பக்கத்து மேஜையிலிருந்த சுகன்யாவிடம்.

"இன்னாவாம்?"

"அதேதான். ஃபோல்டர ஒழுங்கு பண்ணணுமாம்."

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருந்தது பச்சையப்பனின் டிசைன் சென்டர். பட்டுப்புடவையின் கரையையும் முந்தியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, அதன்படி ஜக்கார்டு தறிக்கு டிசைனைச் சொல்லும் துளை அட்டை அடித்துக் கொடுக்கிற தொழில். வரைவதற்கான புரோகிராமை அவனே எழுதி, ‘கரை’ என்று பேர் வைத்து, 2003-ல் இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டுவிட்டான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். சேலத்திலும் தர்மவரத்திலும்கூட எடுத்துக்கொண்டார்கள். பிரித்துப் பார்த்துக் குறை சொல்லும் வேலையை மட்டும் சென்னையிலிருக்கிற இந்தச் சின்னதுரை என்கிற ஆசாமி தனியாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஆளைப் பார்த்ததில்லை. மெயில் மட்டும் தவறாது.

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் பச்சையப்பனுக்கு எரிச்சல். புரோகிராமும், மாங்காய்க் கரையும், மயில் முந்தியும், யாரோ அனுப்பிய பொங்கல் வாழ்த்தும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. ‘எல்லாவற்றையும் பிரித்து வையுங்கள். முதலில் அந்தப் ‘பிறகு’ ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். சாப்பிட உட்கார வேண்டும், மீதி நாளை’ என்று முடித்திருந்தார். எப்போதும் அப்படித்தான் முடிப்பார். சரியான சாப்பாட்டு ராமன் என்று பச்சையப்பன் நினைத்துக்கொண்டான்.

‘பிறகு’ ஃபோல்டரை ரத்னமாலா உண்டாக்கினாள். தேசூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பெண். இரண்டு வருடம் இங்கே வேலை பார்த்தாள். பேச்சு குறைவு, கெட்டிக்காரத்தனம் அதிகம். அவன் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட தப்பை, தலையைச் சாய்த்து ஒருதரம் பார்த்துச் சொல்லிவிடுவாள். வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டாள். இங்கேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் தேசூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். மூன்று வருடத்துக்கு முன் சென்னையில் வேலை கிடைத்துப் போகும்போது, "அந்தப் ‘பிறகு’வ மட்டும் பொறுமையாப் பாருங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இவன் பார்க்கவில்லை. மறதி இல்லை. அவள் விட்டுப்போன வேலை அதில் ஏதோ பாக்கி இருக்கிறது. அதைத் திறந்து முடித்துவிட்டால் அவள் போனது முடிந்துபோன விஷயமாகிவிடும். திறக்காதவரைக்கும் நாளைக்கு வந்து உட்காரப்போகிறவள் மாதிரியே இருந்தது. வேறு குலம், வேறு கோயில், இவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. அவள் நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் அதன்மேல் பழைய அட்டைக் கட்டை வைத்திருந்தான். முப்பத்துமூன்று வயது ஆம்பிளை செய்கிற காரியமா? செய்தான்.

சின்னதுரைக்கு, ‘கரை’யை எடுத்துக்கொண்டவர்களின் மெயில் குழுவிலிருக்கும் அத்தனை பேரும் படிக்கும்படி அவன் பதில் போட்டான்: ‘அந்த ஃபோல்டரை அமைத்தவர் இப்போது இங்கே இல்லை. நான் அதைத் திறந்ததுமில்லை, திறக்கப்போவதுமில்லை. மற்றதையெல்லாம் ஒழுங்குபடுத்துகிறேன்.’

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. ‘திறப்பதற்குத்தானே ஃபோல்டர்? சாப்பிடப் போகிறேன்.’

ரோஷத்தோடு வேலையில் இறங்கினான். புரோகிராமை ஒரு ஃபோல்டரில் போட்டான், கரைகளை ஒன்றில், முந்திகளை ஒன்றில். பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் கரைகள் குடிமாறின சங்கதியைப் புரோகிராமுக்கு யாரும் சொல்லவில்லை. சேலத்துக்காரர் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை வந்தது. அவர் போனில் பேசியதை இங்கே எழுதுவதற்கில்லை.

சரி, பழைய இடத்திலும் ஒன்று இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்தான். இப்போது ஒவ்வொரு மாங்காயும் இரண்டானது. திருத்திய மாங்காயை விட்டுவிட்டுப் புரோகிராம் திருத்தாத மாங்காயைத் தூக்கிக்கொண்டு வந்தது. நகல்களை அழித்தான். அழித்ததில் பாதி அசல். அவசரத்தில் தன் கம்ப்யூட்டரிலிருந்ததை மொத்தமாக அள்ளி இன்டர்நெட்டில் ஏற்றினான். ஏற்றக்கூடாத ‘வெள்ளோட்டம்’ என்ற ஃபோல்டரும் அதோடு சேர்ந்து ஏறிப்போனது அவனுக்குத் தெரியாது.

தெரியவைக்க நாலாம் நாள் உண்ணாமலை வந்தாள், தறிக்காரர் பரசுராமனின் சம்சாரம். பின்னாலேயே பரசுராமன், செய்யாத குற்றத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு படியேறினார். உண்ணாமலை மேஜைமேல் அட்டைக் கட்டைப் போட்டாள்.

"ஒரு ஜாண் நெஞ்சிட்டாருங்க. கல்யாணப் பொடவ. கரையில மாங்கா வரல, பேர் வந்துகினு இருக்குது. யாரு அந்த ரத்னமாலா? இவர கேட்டா திருதிருன்னு முழிக்கிறாரு."

"எனுக்கு எப்பிடித் தெரியும்? அட்ட சொன்னத நெஞ்சேன்," என்றார் பரசுராமன், சுவரைப் பார்த்து.

பச்சையப்பனுக்குக் காதெல்லாம் சூடானது. அது அவன் ஒருநாள் கடையில் ஆளில்லாதபோது வரைந்த கரை. ‘ரத்னமாலா, ரத்னமாலா’ என்று கட்டம் கட்டமாக, பெயருக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு மல்லிமொட்டு. யாருக்கும் காட்டாமல் ‘வெள்ளோட்டம்’ என்று பேர் போட்டு ஒளித்து வைத்திருந்தான். அட்டை அடிக்க மாங்காயைத் தேடிய புரோகிராம், காணாமல் இதை எடுத்துக்கொடுத்துவிட்டது.

"அவர் மேல ஒண்ணும் இல்லக்கா. தப்பு என்னுது. அது... சும்மா பழகறதுக்குப் போட்ட டிசைன்."

உண்ணாமலை அவனையும், அட்டைக்கட்டு உட்கார்ந்திருந்த நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது. "சரி தம்பி. நெஞ்சத அவுத்துக்கறோம். நாளைக்குள்ள நல்ல மாங்காவக் குடுங்க. முகூர்த்தம் கிட்ட வந்துட்சி."

அவர்கள் படியிறங்கியதும் பச்சையப்பன் அந்த ஃபோல்டரை இன்டர்நெட்டிலிருந்து எடுத்தெறிந்தான். எடுத்து என்ன பயன்? சின்னதுரை அதற்குள் பார்த்தாயிற்று. ஆனால் அந்தச் சாயங்கால மெயில் வழக்கம்போல் இல்லை. ‘உங்கள் பேர்க் கரையைப் பார்த்தேன். ‘மா’வின் காலில் ஒரு கட்டம் குறைகிறது. மற்றபடி எந்தக் குறையும் இல்லை. இப்போதாவது ‘பிறகு’வைத் திறந்து பாருங்கள்.’ அவ்வளவுதான். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனுஷன் உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று பச்சையப்பனுக்கே கொஞ்சம் கவலையாகிவிட்டது.

மறுநாள் முழுக்க மாங்காயைத் தேடினான். அசல் அழிந்திருந்தது, நகல் திருத்தாதது. சாயங்காலம் வெயில் இறங்கும் நேரம் சுகன்யாதான் சொன்னாள், ரத்னமாலா எந்தக் கரையைத் திருத்தினாலும் ஒரு பிரதியைத் தன் ஃபோல்டரில் போட்டுவைப்பாள் என்று.

"ஜல்தியாத் தெறந்து பாருங்கண்ணா. அந்தக்கா பாவம், முகூர்த்தத்த வச்சிகினு நிக்குது."

வேறு வழியில்லை. ஊரார் கல்யாணத்துக்காகப் பச்சையப்பன் மூன்று வருடத்து விரதத்தை முறித்தான். உள்ளே மாங்காய் பத்திரமாக இருந்தது. அதற்கு மேலே ‘முதலில் படிக்கவும்’ என்று ஒரு ஃபைல் இருந்தது.

எந்தப் புரோகிராமிலும் உள்ள ஃபைல்தான். உலகத்தில் எவனும் அதைப் படித்ததில்லை. பச்சையப்பன் படித்தான்.

‘வாயால் கேட்க எனக்கு வராது. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். உங்களுக்கு விருப்பம் இருந்தால் இதன் கீழேயே ‘சரி’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன். விருப்பம் இல்லையென்றால் இந்த ஃபோல்டரை அழித்துவிடுங்கள், புரிந்துகொள்வேன். என் பேரில் இன்னொரு தடவை எழுதமாட்டேன். தினமும் இன்டர்நெட்டில் எடுத்துப் பார்ப்பேன். ரத்னமாலா.’

மூன்று வருடமாக அவன் ‘சரி’ என்றும் சொல்லவில்லை, அழிக்கவுமில்லை. யார் கையும் படாமல் காவல் காத்திருக்கிறான். காவல் காத்த அழகு! நாற்காலியிலிருந்த அட்டைக்கட்டைப் பார்த்தான். ஒரு கிளிக், ஒரே ஒரு கிளிக் தூரத்தில் இருந்திருக்கிறது, இவன் அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

சுகன்யா எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று முழுக்கப் படித்தாள்.

"எந்த ஊர்ல யாருக்கு வாக்கப்பட்டிருக்காங்களோ," என்றான் பச்சையப்பன். "எத்தினி நாள் பாத்திருப்பாங்க. ஒரு மாசம்? ஒரு வருசம்? அப்புறம் போடா இவனேன்னு விட்டிருப்பாங்க."

டீ வந்தது. டீக்கு முன்னால் மெயில் வந்திருந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தான்.

‘திறந்தாயிற்றா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டேன். ஆமாம் இல்லை என்று ஏதாவது சொன்னால்தான் இன்றைக்குச் சோறு இறங்கும். சின்னதுரை.’

"பேஜாரு புடிச்சவன். இவனுக்கு இப்பத்தான் நேரம் கெடச்சுது பாரு," என்று அதை அழிக்கப் போனான்.

சுகன்யா அவன் கையைத் தட்டிவிட்டாள். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் அஞ்சு இருபத்தைந்து.

"ஏண்ணா," என்றாள், "பொழுது சாயறதுக்கு முன்ன ராத்திரிச் சாப்பாட்டுக்கு உக்கார்ற சின்னதுரைய நீங்க எங்கனா பாத்திருக்கீங்களா?"