அம்மா திருத்திய நாற்பது படிவங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று கல்லூரியில் சமூக ஆய்வு முறையியல் பாடம் எடுக்கும் நான், அதே பாடத்தில் ஒருமுறை ஃபெயிலாகி, மறுமுறை கையும் களவுமாகப் பிடிபட்டவன். பிடித்துக் கொடுத்தது என்னைப் பெற்ற அம்மா.

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் முறையியலில் ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. இரண்டே வாய்ப்பு. இரண்டிலும் தோற்றால் பதிவு ரத்து; மூட்டையைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான நாசரேத்துக்கு பஸ் ஏறவேண்டியதுதான். முதல் வாய்ப்பில் ஒரு கேள்விக்கு நான்கு பக்கம் எழுதியும் எதையும் சொல்லாமல் முடித்திருந்தேன். (நீளமாக எழுதினால் மார்க் விழும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த யாரோவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

இரண்டாவது முறை, உப்பளத் தொழிலாளர்கள் நாற்பது பேரிடம் படிவம் நிரப்பி வாங்கி வந்து, தேர்வாளர்கள் முன்னால் வைத்துப் பதில் சொல்லச் சொன்னார்கள். தூத்துக்குடி வெயிலில் முப்பத்திரண்டு பேரை எப்படியோ பிடித்துவிட்டேன். அடுத்த ஆளைத் தேடிப் போகும்போது செருப்பு அறுந்தது. உப்பு வரப்பில் வெறுங்காலோடு இரண்டு நிமிஷம் நின்று பார்த்தால் தெரியும், ஆராய்ச்சி ஆர்வம் எவ்வளவு சீக்கிரம் ஆவியாகும் என்று. நேராக டவுனுக்கு வந்து ஒரு பேக்கரியில் உட்கார்ந்து, முந்திரி மக்ரூனைக் கடித்துக்கொண்டே மீதி எட்டுப் பேரையும் நானே உண்டாக்கினேன். பெயர், வயது, பிள்ளைகுட்டி, மனக்குறை எல்லாம். மூன்று பேனா மாற்றினேன். எழுத்தை இடப்பக்கம் சாய்த்தேன், வலப்பக்கம் சாய்த்தேன். ஒரு படிவத்தில் வேண்டுமென்றே டீயைச் சிந்தினேன். என்ன மூளைடா உனக்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், எந்தக் கேள்வியாவது பதிலில்லாமல் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் படிவக் கட்டை அம்மாவிடம் கொடுத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். அம்மா ஓய்வுபெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ். முப்பத்துநாலு வருஷம் விடைத்தாள் கட்டுகளோடு குடித்தனம் நடத்தியவர். ரிட்டயரான நாளிலிருந்து கை நமநமத்துக்கொண்டிருந்தது. அவரிடம் எழுதிய தாள்களைக் கொடுத்து, சும்மா பாருங்கள் என்றால் நடக்கிற காரியமா?

நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுந்தபோது, கட்டு சணலால் இறுக்கி முடிச்சுப் போட்டுத் தயாராக இருந்தது.

"எல்லாம் பாத்தாச்சுலே. ரொம்ப மோசமாத்தான் இருக்கு" என்றார்.

உப்பளத்து மக்களின் நிலைமையைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமாம்மா, பாவம்" என்றேன். கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. சட்டைக்கு இஸ்திரி போடவேண்டியிருந்தது.

மறுநாள் தேர்வு அறையில் துறைத்தலைவர், என் கைடு, மதுரையிலிருந்து வந்த வெளித்தேர்வாளர் அம்மையார், மூன்று பேர். அம்மையார் சணலை அறுத்து முதல் படிவத்தை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் இருபதுக்கு ஏழு. அடியில் கோடு, அம்மாவின் கையெழுத்து, தேதி.

'வேலையில் திருப்தி உண்டா?' என்பதற்கு ஒருவர் 'இல்லை' என்று சொல்லியிருந்தார். பக்கத்தில் சிவப்பில், 'முறுமுறுக்காதே.' ஓய்வு நேரத்தில் படுத்துக் கிடப்பேன் என்றவருக்கு, 'சோம்பல் கூடாது.' விடியற்காலை மூன்று மணிக்கு எழுகிறவருக்கு 'வெரி குட்', கூடவே ஒரு ஸ்டார். படிப்பு ஐந்தாம் வகுப்பு என்று போட்ட ஒவ்வொருவருக்கும், 'ஏன் நிறுத்தினாய்?'

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூத்த கல்வியாளர் ஒருவரைக் கொண்டு தரவுகளைச் சரிபார்த்திருக்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டேன். கைடு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மையார் கட்டின் கடைசிக்கு வந்தார். எட்டுப் படிவங்கள் ஒரே குண்டூசியில் தனியாகக் குத்தியிருந்தன. மேலே எழுதியிருந்ததை நிதானமாக வாசித்தார்.

"உப்பளத்துக்குப் போகிறவர்கள் காலை ஏழரை மணிக்கா எழும்புவார்கள்? எட்டுப் பேருக்கும் காலை ஆகாரம் டீயும் மக்ரூனுமா? எட்டும் ஒருவனே எழுதியது. பூஜ்யம். பெற்றோரை அழைத்து வரவும்."

இதை எழுதியது யார் என்று கேட்டார். எங்கம்மா என்றேன்.

"இந்த எட்டையும் எழுதுனது?"

"நாந்தான் மேடம்."

அதுவரை வெட்கம் என்றால் முகம் சிவப்பது என்று நினைத்திருந்தேன். அன்று காதுக்குள்ளே இரைந்தது.

துறைத்தலைவர் பதிவை ரத்து செய்யும் தாளையே கையில் எடுத்துவிட்டார். அம்மையார்தான், பெற்றோரை அழைக்கச் சொல்லியிருக்கிறதே, அழைத்துவிடுவோம் என்று அம்மாவின் நம்பரை என்னிடம் வாங்கி, போனை ஸ்பீக்கரில் போட்டார். நடந்ததைச் சொன்னார். உப்பளத்தில் எவனோ ஒருவன் எட்டுப் பேருக்கும் சேர்த்து எழுதி என்னை ஏமாற்றிவிட்டான் என்றுதான் அம்மா பூஜ்யம் போட்டாராம். எழுதியவன் தன் மகன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"என் பிள்ளைன்னு பாக்காதீங்க மேடம்," என்றார் கடைசியில். "பூஜ்யம் பூஜ்யந்தான். ஆனா தப்பா எழுதுன பிள்ளைய நான் வீட்டுக்கு அனுப்புனதில்ல. திரும்ப எழுத வச்சிருக்கேன்."

அம்மையார் முடிவை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். நாற்பது பேரையும் புதிதாகப் பார்த்து வரவேண்டும், 'ஏன் நிறுத்தினாய்?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். என் படிவத்தில் இல்லாத ஒரே நல்ல கேள்வி அதுதான் என்றார்.

இருட்டோடு எழுந்து உப்பளத்துக்குப் போனேன். முன்பு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவர்கள், அந்த ஒரு கேள்விக்குக் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பேசினார்கள். பாஸானேன். என் ஆய்வேடே அந்தக் கேள்வியிலிருந்துதான் வளர்ந்தது.

இப்போது என் மாணவர்களின் படிவக் கட்டுகள் மாதம் ஒருமுறை அம்மாவிடம் போய் வருகின்றன. "ஏலே, கட்டு நாசரேத்துக்குப் போயிட்டா?" என்று வராந்தாவில் அவர்கள் கிசுகிசுப்பதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரிக்கிறோம். போன மாதம் ஒரு மாணவி, கட்டோடு ஊருக்குக் கிளம்பிய என்னை பஸ் ஸ்டாண்டுவரை துரத்தி வந்து பிடித்தாள்.

"சார், அதுல மூணு நானே எழுதுனது. அம்மா பாக்குறதுக்குள்ள குடுத்துருங்க."

எடுத்துக் கொடுத்தேன். வகுப்பில் முன்மாதிரியாகக் காட்டலாம் என்று நான் தனியே எடுத்து வைத்திருந்ததும் அந்த மூன்றைத்தான்.